ஒரு தாய் வயிற்று இரண்டு மரங்கள்

கொலு வைக்கிற வீடுகளில் மரப்பாச்சி ஜோடி ஒன்று கட்டாயம் இருக்கும். ராஜா, ராணி. முகத்தில் மூக்கு இருக்கிறதா இல்லையா என்றே சரியாகத் தெரியாது. பழைய பட்டுப் புடவையின் ஜரிகைத் துண்டைச் சுற்றி, படியில் முதல் ஆளாக நிறுத்திவிடுவார்கள். குழந்தைக்கு வீக்கம், கட்டி என்றால் அந்த ராஜாவையே கல்லில் உரசிப் பற்றுப் போட்ட பாட்டிகளும் உண்டு. கையில் எடுத்தால் அதன் அளவுக்குப் பொருந்தாத கனம் கனக்கும். அந்தக் கட்டைதான் செம்மரம். செஞ்சந்தனம், ரக்த சந்தனம் என்றும் சொல்வார்கள்.

அதே வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. இப்போது பிளாஸ்டிக் டப்பா மை வந்துவிட்டது. முன்பெல்லாம் கொட்டாங்கச்சிக்குள் கறுப்பாக இறுகிக் கிடக்கும் ஒரு பிசினைத் தண்ணீர் தொட்டுக் குழைத்து வைப்பார்கள். லேசில் அழியாது. அது வேங்கை மரத்துப் பால்.

மரப்பாச்சியும் திருஷ்டிப் பொட்டும் ஒரே அலமாரியில் இருந்திருக்கலாம். இரண்டும் சொந்தக்காரர்கள் என்பது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. சொந்தம் என்றால் தூரத்துச் சொந்தம் இல்லை. செம்மரமும் வேங்கையும் ஒரே பேரினம்; ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் பாருங்கள், ஒருவனுக்குத் துப்பாக்கிக் காவல். இன்னொருவனைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. ஒருவன் கல்வராயன் மலையில் வளர்கிறான். இன்னொருவனுக்காகக் கல்வராயன் மலைக்காரர்கள் செத்திருக்கிறார்கள்.

முதலில் பெயர் வைத்த கதையைப் பார்த்துவிடுவோம்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டை இருக்கிறது அல்லவா? 1768-ல் அங்கே டாக்டர் வேலைக்கு வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கொனிக். உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தாரே லின்னேயஸ், அவருடைய நேரடி மாணவர். டாக்டர் வேலையைவிடச் செடி பறிக்கிற வேலையில்தான் மனிதருக்கு நாட்டம். பிறகு ஆற்காட்டு நவாபிடம் இருந்தார், கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கினார், காக்கிநாடா பக்கத்தில் 1785-ல் செத்தார். அவர் காலத்தில்தான் சோழமண்டலக் கரையின் தாவரங்கள் ஐரோப்பியப் புத்தகங்களுக்குள் நுழைய ஆரம்பித்தன. 1780-களின் தொடக்கத்தில் லின்னேயஸின் மகன், செம்மரத்தை ‘டெரோகார்பஸ் சான்டலினஸ்’ என்று பதிந்தார். டெரோகார்பஸ் என்றால் சிறகு வைத்த காய். இரண்டு மரத்தின் காயும் தட்டையாக, வட்டமாக, சுற்றிலும் அப்பளம் மாதிரி மெல்லிய ஓரத்தோடு இருக்கும். காற்றடித்தால் சுழன்றுகொண்டே தூரப் போய் விழும்.

வேங்கைக்குப் பெயர் வைத்தது கொனிக்கின் நண்பரான வில்லியம் ராக்ஸ்பர்க். ஸ்காட்லாந்து டாக்டர், சாமல்கோட்டையில் தோட்டம் போட்டவர். நம் ஊர் ஓவியர்களை உட்கார வைத்து ஒவ்வொரு செடியையும் வர்ணத்தில் எழுத வைத்தார். 1795-ல் தொடங்கி லண்டனில் தொகுதி தொகுதியாக வெளிவந்த அந்தப் புத்தகத்தில், இரண்டாம் தொகுதியில் வேங்கை வருகிறது: ‘டெரோகார்பஸ் மார்சூபியம்’. மார்சூபியம் என்றால் பணப்பை. பிற்பாடு நடந்ததை நினைத்தால் வேடிக்கைதான். பணப்பை என்று பெயர் வாங்கியது வேங்கை. பணம் கொட்டியதோ செம்மரத்தில்!

(ஒரு சின்ன விளக்கம். செஞ்சந்தனத்துக்கும் சந்தனத்துக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. சந்தனம் வேறு குடும்பம். பக்கத்து மரத்தின் வேரை உறிஞ்சிப் பிழைப்பது. செம்மரத்தைக் கிலோக் கணக்கில் உரசினாலும் சந்தன வாசனை வராது. பெயரில் மட்டும் சந்தனம்.)

இலை உதிர்ந்திருக்கும்போது இரண்டையும் அடையாளம் காண்பது சிரமம்தான். தளிர்த்தபின் சுலபம். செம்மரத்துக்குப் பெரும்பாலும் ஒரு காம்பில் மூன்று இலை, வில்வம் மாதிரி. வேங்கைக்கு ஐந்து, ஏழு. இரண்டுக்குமே பூ மஞ்சள். இரண்டுமே பட்டையைக் கீறினால் ரத்தம் மாதிரி சிவப்பாக வடியும். வேங்கை ஓங்கி வளர்ந்து பெரிய மரமாக நிற்கும். செம்மரம் அவ்வளவு உயரம் போகாது. கல்லும் சரளையுமான வறண்ட சரிவில், மற்ற மரங்கள் முகம் சுளிக்கிற மண்ணில், நத்தை வேகத்தில் வளரும். அந்த நிதானத்தில்தான் அதன் வைரம் இருக்கிறது. நன்றாக முற்றிய செம்மரக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிவிடும்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், இருப்பிடம். வேங்கை இந்தியாவின் பல மலைகளில் உண்டு, இலங்கையிலும் உண்டு. செம்மரத்துக்கு உலகத்திலேயே ஒரே வீடுதான். ஆந்திராவின் கடப்பா, சித்தூர், நெல்லூர் வட்டாரத்து மலைகள் - சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா - அதை ஒட்டிய கொஞ்சம் இடம். அவ்வளவுதான். திருப்பதி மலைக்குப் படியேறிப் போனவர்கள் அந்தக் காட்டைப் பார்த்திருப்பீர்கள்.

சங்க காலத்துக்குப் போனால் நிலைமை தலைகீழ். அங்கே வேங்கைதான் ஹீரோ. செம்மரத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக்கொண்டே போகும் பூக்களில் வேங்கையும் உண்டு. மரத்துக்கும் புலிக்கும் ஒரே பெயர் வைத்தார்கள் நம் ஆட்கள். காரணம் கற்பனைதான். கறுத்த பாறையின் மேல் மஞ்சள் பூ உதிர்ந்து கிடந்தால், நிலா வெளிச்சத்தில் புலிக்குட்டி படுத்திருக்கிற மாதிரி தெரியுமாம். குறுந்தொகையில் அப்படி ஒரு பாட்டு. யானை, பூத்த வேங்கையைப் புலி என்று நினைத்து முட்டிச் சாய்க்கப் போவதாகவும் பாட்டுகள் இருக்கின்றன. அகநானூற்றில் இன்னும் அழகு. வேங்கைப் பூப் பறிக்கிற பெண்கள் விளையாட்டாகப் ‘புலி, புலி’ என்று கத்துகிறார்கள். அதை நிஜம் என்று நம்பி ஒரு வாலிபன் வில்லும் கையுமாக ஓடிவந்து, ‘எங்கே புலி?’ என்று கேட்கிறான். வெட்கப்பட்டு ஒருத்தி பின்னால் ஒருத்தி ஒளிகிறார்கள். அப்புறம் என்ன, காதல்தான்.

வேங்கைக்குக் ‘கணி’ என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. கணி என்றால் ஜோசியர். வேங்கை பூத்துவிட்டால் தினை முற்றிவிட்டது என்று கணக்கு. தினை அறுத்தாகிவிட்டால், புனத்தில் கிளி விரட்டிக்கொண்டிருந்த பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். காதலனைப் பார்க்க வழியில்லை. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற காலமும் அதுதான். அதனால் காதலிக்கிறவர்களுக்கு வேங்கை பூத்தால் ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் கவலை. காலண்டர் இல்லாத காலத்தில் மலைக்காரர்களுக்கு அந்த மரமே காலண்டர்.

கணவனையும் ஒரு மார்பையும் இழந்து வந்த கண்ணகி கடைசியில் நின்றது வேங்கை மர நிழலில். மலைக்குறவர்கள் அவளைக் கண்டதும் அங்கேதான். வள்ளியைத் தேடிப்போன முருகன், அவள் அப்பா நம்பிராஜன் வருகிற சத்தம் கேட்டதும் சட்டென்று வேங்கை மரமாக நின்றுகொண்டான் என்கிறது புராணம். ஒரு மரத்துக்கு இதைவிடப் பெரிய கௌரவம் என்ன வேண்டும்? முருகனாவது, கண்ணகியாவது... செம்மரத்துக்கு இப்படி ஒரு வரி கிடையாது.

செம்மரத்தின் அதிர்ஷ்டம் (துரதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம்) கடல் வழியாக வந்தது.

கட்டைக்குள் இருக்கும் சிவப்புச் சாயத்துக்கு ‘சான்டலின்’ என்று பெயர். தண்ணீரில் எளிதில் கரையாது, சாராயத்தில் கரையும். இடைக்கால ஐரோப்பாவில் பணக்காரர் வீட்டுச் சமையலறைகளில் குழம்புக்கும் இனிப்புக்கும் சிவப்பு நிறம் ஏற்ற இந்தக் கட்டைத் தூள்தான். கம்பளிக்குச் சாயமேற்றவும் உதவியது. டச்சுக்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் சோழமண்டலக் கரையில் கடை விரித்தபோது செம்மரம் துணியோடும் வெடியுப்போடும் சேர்ந்து கப்பல் ஏறியது. அதிலும் பாருங்கள், ராஜ மரியாதையெல்லாம் இல்லை. கனமான கட்டை அல்லவா... கப்பல் ஆடாமல் இருக்க அடித்தட்டில் பாரத்துக்காகப் போட்டுக்கொண்டு போவார்கள். போய்ச் சேர்ந்ததும் விற்றுவிடலாம். கல்லுக்குக் கல்லும் ஆச்சு, சரக்குக்குச் சரக்கும் ஆச்சு.

1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் போய்த் தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தான். செயற்கைச் சாயங்களின் காலம் ஆரம்பித்தது. மரச் சாயத்தின் கதை கொஞ்சம் கொஞ்சமாக முடிந்தது. அத்தோடு செம்மரம் நிம்மதியாகக் காட்டில் நின்றிருக்க வேண்டியது.

விடவில்லை. இந்த முறை கூப்பிட்டது கிழக்குத் திசை. ஜப்பானில் ‘சாமிசென்’ என்று மூன்று தந்தி வாத்தியம். அதில் ஒசத்தி ரகத்தின் நீளக் கழுத்து செம்மரத்தில் செய்ததாக இருக்க வேண்டும். சீனாவிலோ ‘ஸிதான்’ என்கிற கருஞ்சிவப்பு மரத்தில் செய்த நாற்காலிகளும் மேஜைகளும் சக்கரவர்த்திகளின் அரண்மனைச் சமாச்சாரம். அந்த ஸிதான் நம் செம்மரம்தான். 1999-ல் பெய்ஜிங்கில் இந்த மரவேலைப்பாட்டுக்கென்றே தனி மியூசியம் திறந்தார்கள் என்றால் மோகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீனாவில் கையில் காசு புரள ஆரம்பித்த பிறகு, சக்கரவர்த்தி உட்கார்ந்த மர நாற்காலியில் தானும் உட்கார வேண்டும் என்று புதுப் பணக்காரர்களுக்கு ஆசை. அதுவும் கட்டைக்குள் ரேகை அலை அலையாக ஓடினால் விலை எங்கோ போய்விடும்.

ஆசை பெய்ஜிங்கில். மரம் சேஷாசலத்தில். வெட்டுகிற கை எங்கிருந்து வந்தது? அதற்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் போக வேண்டும்.

கள்ளக்குறிச்சி 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம். அதன் உளுந்தூர்ப்பேட்டைத் தாலுகாவில் களமருதூர் என்று ஓர் ஊர். பெயருக்குள்ளேயே மருது நிற்கிறது. ஊருக்கு மரத்தின் பெயரை வைத்துக்கொள்வது நமக்குச் சகஜம். ஆலங்குடி, புளியங்குடி, வேப்பூர், இலுப்பூர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். கரும்பும் நெல்லுமான இந்தச் சமவெளியைத் தாண்டி மேற்கே போனால் கல்வராயன் மலை. கோமுகி ஆறு அங்கிருந்துதான் இறங்குகிறது. மலையின் ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம். இன்னொரு பக்கம், கருமந்துறை வட்டாரம், சேலம் மாவட்டம். அதை ஒட்டித் தருமபுரியின் சித்தேரி மலை.

அங்கே வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், அதனால் மலையாளிகள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் மூன்று பேர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்பது இவர்கள் சொல்லும் பூர்வ கதை. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிப் புத்தகத்தில்கூட அந்தக் கதை ஏறியிருக்கிறது. சாமை, தினை, மரவள்ளி, காட்டில் பொறுக்கும் கடுக்காய் - இதுதான் நெடுங்கால வாழ்க்கை.

சரித்திரத்தில் இந்த மலைக்கு ஒரு விசித்திரமான இடம் உண்டு. நாடு 1947-ல் சுதந்திரம் அடைந்துவிட்டது. கல்வராயன் மலை மட்டும் பரம்பரை ஜாகீர்தார்களிடமே இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர். 1976-ல்தான் முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இந்திரா காந்தி அணுகுண்டு வெடித்துப் பார்த்து இரண்டு வருஷம் ஆன பிறகு! ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தக் கணக்கில்தான் தாமதமாக மலை ஏறின. 2024-ல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலைமையை விசாரணைக்கு எடுத்தது. ஒரு மலையைத் திரும்பிப் பார்க்க இத்தனை சாவு வேண்டியிருந்தது.

பிழைப்பு தேடி இறங்குவது இந்த மக்களுக்குப் பழக்கம். கேரளாவுக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் மேஸ்திரி பின்னால் போவார்கள். மரம் ஏறத் தெரிந்த, கோடாலி பிடிக்கத் தெரிந்த, செங்குத்துச் சரிவில் பாரத்தோடு இறங்கத் தெரிந்த ஆட்கள். செம்மரப் புரோக்கருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜவ்வாது மலையிலும் சித்தேரியிலும் கல்வராயனிலும் புரோக்கர்கள் வந்து, மாசக் கணக்கில் கூலி வேலை செய்தாலும் கையில் சேராத பணத்தைச் சில நாள் வேலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். என்ன வேலை என்று சொல்லியும் கூட்டிப் போனார்கள், சொல்லாமலும் கூட்டிப் போனார்கள்.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களும் சம்பளத்துக்கு வேலை பார்க்கப் போனவர்கள்தான். அதன்பின் ஆந்திரச் சிறைகளில் நூற்றுக்கணக்கில் தமிழ்நாட்டுக் கூலிகள். செம்மரக் கடத்தலுக்கென்றே தனி அதிரடிப் படை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி விடியற்காலை, அந்தப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைக்காரர்கள். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணையில் இறங்கியது.

மூன்று வருஷம் கழித்து, 2018 பிப்ரவரியில், கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. கருமந்துறைப் பக்கத்துக் கல்வராயன் மலைக்காரர்கள். வீட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தங்கள் மலையில் காடாக வளராத ஒரு மரத்துக்காகப் போனவர்கள்.

‘புஷ்பா’ படத்தை 2021-ல் பார்த்துவிட்டு விசில் அடித்தோம். அதில் லாரி பறக்கும், கட்டை ஆற்றில் மிதக்கும், ஹீரோ தோளைத் தூக்குவார். (முற்றிய செம்மரம் மிதக்காது என்று மேலே சொன்னேன். சினிமாவில் மிதக்கும்.) வெட்டுகிறவன் கதை படத்துக்கு ஆகாது போலிருக்கிறது.

இப்போது காகிதக் கணக்குக்கு வருவோம். ஐ.யு.சி.என். என்கிற சர்வதேசச் சங்கம், உலகத்து உயிரினங்களில் எது பிழைக்கும், எது போய்ச் சேரும் என்று ‘சிவப்புப் பட்டியல்’ போடுகிறது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலில் தொங்கும் அட்டை மாதிரி. செம்மரத்தின் அட்டை பல தடவை மாறியது. 1998-ல் ‘அழியும் ஆபத்தில்’. 2018-ல், பரவாயில்லை, ‘ஆபத்தை நெருங்குகிறது’ என்று ஒரு படி இறக்கினார்கள். மூன்று, நான்கு வருஷத்துக்குள் மறுபடி ‘அழியும் ஆபத்தில்’. வேங்கை 1998-ல் ‘பாதிப்புக்கு உள்ளாகக் கூடியது’ என்ற அட்டையில் இருந்தது. பிந்தைய மதிப்பீட்டில் ‘ஆபத்தை நெருங்குகிறது’ என்ற, அதைவிடக் குறைந்த அட்டைக்கு வந்தது.

அட்டையை மட்டும் பார்த்தால் செம்மரம் ஐ.சி.யூ.வில், வேங்கை வெளிநோயாளி. ஆனால் கவனிப்பைப் பாருங்கள். செம்மரம் 1995-லேயே ‘சைட்டீஸ்’ என்ற சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாவது இணைப்பில் ஏறிவிட்டது. காகிதம் இல்லாமல் ஒரு சிம்பு எல்லை தாண்டினாலும் குற்றம். காட்டுச் செம்மரத்தை ஏற்றுமதி செய்யத் தடை. அதிரடிப் படை, சோதனைச் சாவடி, துறைமுகத்தில் கன்டெய்னர் சோதனை. பிடிபட்ட கட்டைகளை 2014-ல் ஆந்திர அரசு உலகளாவிய ஏலமே விட்டது. திருடனிடம் பிடித்ததை அரசாங்கம் விற்றால் கடைசியில் அது போய்ச் சேருகிற வீடு ஒன்றுதான் என்று யாரோ கேட்டார்கள், நியாயமான கேள்வி. 2004 முதல் இந்தியாவைச் சிறப்புக் கண்காணிப்பில் வைத்திருந்த சைட்டீஸ் அமைப்பு, 2023 நவம்பரில் அதை நீக்கியது. தோட்டம் போட்டுச் செம்மரம் வளர்த்த விவசாயிகளுக்கு அது நல்ல சேதி.

வேங்கைக்கு இதில் ஒன்றும் இல்லை. அதற்காகச் சர்வதேசச் சந்தையில் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. வேங்கை சத்தமில்லாமல் குறைந்தது. நிலைக்கும் கதவுக்கும் நல்ல மரம். தேக்குக்கு அடுத்தபடி வேங்கை என்பார்கள் பழைய தச்சர்கள். சரியாக உலர வைக்காமல் போட்டுவிட்டால் ஈரத்தில் மஞ்சள் கறை இறங்கி, வெள்ளை அடித்த சுவரைப் பாழாக்கும். அது ஒன்றுதான் அதன்மேல் புகார். வண்டிக்கும் தேருக்கும் போனது. இலையை மாட்டுக்கு ஒடித்தார்கள். பட்டையைக் கீறிப் பால் எடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பால் ‘மலபார் கினோ’ என்ற பெயரில் பிரிட்டிஷ் மருந்துப் புத்தகத்திலேயே இடம்பிடித்தது, வயிற்றுப்போக்குக்கு.

இப்போது சர்க்கரை வியாதி. வேங்கைக் கட்டையில் கடைந்த டம்ளரைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழுப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் நீலம் மின்னும். குடித்தால் சர்க்கரை குறையும் என்பது நம்பிக்கை. முழுக்கக் கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வேங்கைச் சாற்றைப் புதிய சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்து, 1998-ல் முடிவுகளை வெளியிட்டது; பலரிடம் பலன் தெரிந்தது. ஆனால் அது அளந்து கொடுத்த மருந்து, டம்ளர் அல்ல. டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டு டம்ளரைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். டம்ளருக்கும் வைரம் பாய்ந்த மரம்தான் வேண்டும். அதற்கு ஒரு மரம் பல பத்து வருஷம் நின்றிருக்க வேண்டும்.

மரம் வெட்டுவது பாதிக் கதைதான். இரண்டு மரத்துக்கும் குழந்தை வளர்ப்பு கஷ்டம். கெட்டியான காய்க்குள் ஒரு விதை, அபூர்வமாக இரண்டு. சிறகு வைத்துப் பறந்து விழுந்தாலும் முளைப்பவை குறைவு. முளைத்ததை ஆடு மாடு மேயும், கோடை நெருப்பு கருக்கும். பெரிய மரங்கள் நிற்கிறவரை காடு நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். கீழே அடுத்த தலைமுறை இல்லை என்பது ரோட்டில் போகிற காரிலிருந்து தெரியாது.

காவல் போட்ட மரமாவது பிழைத்ததா என்றால், அதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. காவல் கூடக்கூடச் சரக்கு அபூர்வமாகிறது, அபூர்வமாக ஆக விலை ஏறுகிறது, விலை ஏறினால் புரோக்கர் மலைக்காரனிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறான். பெய்ஜிங் நாற்காலிக்காரர் மேல் ஒரு கீறலும் விழாது. நடுவில் இருக்கிற ஏஜென்ட்கள் சிலர் எப்போதாவது பிடிபடுகிறார்கள். காட்டில் அகப்படுகிறவன் கோடாலி வைத்திருப்பவன் மட்டும்தான்.

மலபார் கினோ, மரப்பாச்சி, சாமிசென்... இத்தனைக்கும் நடுவில் கல்வராயன் மலையில் வேங்கை இன்னும் நிற்கிறது. பூக்கவும் செய்கிறது. ஆனால் தினைப் புனங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்குப் போய்விட்டதால் ஜோசியருக்கு வேலை குறைவு. சமவெளி விவசாயிகளோ பத்து, இருபது சென்ட் நிலம் சும்மா கிடந்தால் செம்மரக் கன்று வாங்கி நடுகிறார்கள், பேரன் காலத்தில் லட்சம் லட்சமாக வரும் என்று. வெட்டும்போது வனத்துறையின் அனுமதி, கொண்டுபோக இன்னொரு அனுமதி, விற்க ஏற்றுமதி விதி என்று எத்தனை படி ஏற வேண்டும் என்பது கன்று விற்பவர் சொல்வதில்லை. அதே நர்சரியில் வேங்கைக் கன்று கேட்டுப் பாருங்கள். ‘எதுக்கு ஸார் அது? லாபம் இல்லையே!’ என்பார்கள். தேடினால் ஒரு மூலையில் நாலைந்து பாக்கெட் இருக்கும், விலையும் சல்லிசு.